துரோகம் தந்த அதிர்ச்சி: பிரான்சின் ரீயூனியன் தீவில் சிகிச்சை எடுத்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்கால்காரி, சேன் தெனி:
வீட்டுக்காரருக்கு இன்னொரு தொடர்பு இருப்பது அவருடைய டேப்லெட்டில் வந்து விழுந்த வாட்ஸ்அப் செய்தியில்தான் தெரிந்தது. பிரிந்து ரொம்ப நாளான பிறகும் அந்த 'டிங்' சத்தம் கேட்டால் வயிறு கலங்கும், உள்ளங்கை வேர்த்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போன் என்றாலும் அதே கதிதான். ஊரிலிருந்து அத்தை, சித்தி என்று ஆளாளுக்குக் கூப்பிட்டு, "என்னடி நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு" என்பார்கள். சொன்னால் பாரம் இறங்குமாம். எனக்கு ஏறியது.

வீட்டு டாக்டர் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மா முதலில் கேட்ட கேள்வி, "ஆஸ்துமா உண்டா?" ஏனென்றால் அவர் தரப்போவது ப்ரோப்ரனலால், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாத மருந்து. ரத்த அழுத்தத்துக்கு 1960களிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் மாத்திரை. அதை வைத்து அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரும் இந்த முறையை உருவாக்கியவர் கனடாவில் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் அலேன் புரூனே. 2015 பாரிஸ் பயங்கரவாதத் தாக்குதலில் தப்பியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காதலில் ஏமாந்தவர்களிடமும் அவர் குழு சோதித்திருக்கிறது.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, நடந்ததை நாமே எழுதிய பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இப்போது நடப்பதுபோல எழுத வேண்டும்: "டேப்லெட்டை எடுக்கிறேன், தொண்டை அடைக்கிறது" என்று. வாரம் ஒருமுறை, மொத்தம் ஐந்தாறு அமர்வு. நினைவு மேலே வரும்போது கொஞ்சம் இளகுமாம். மறுபடி உள்ளே போய்ப் பதியும்போது அதிலுள்ள பதற்றத்தை மருந்து மட்டுப்படுத்தும் என்பது கணக்கு. ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. டாக்டர் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசாமல் இருந்தார். போகப் போக வாசிப்பு ஓடியது. ஒருநாள் இருப்பதிலேயே மோசமான வரியில் நின்று, "இங்கே எழுத்துப்பிழை இருக்கு, பேனா கொடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

எதுவும் மறக்கவில்லை. கோபமும் அப்படியே இருக்கிறது, விவாகரத்து வழக்கும் நடக்கிறது. ஆனால் 'டிங்' சத்தம் இப்போது வெறும் சத்தம்தான்.

மால்பார் பையன், சேன் பியேர்:
எனக்கு ஆஸ்துமா, அதனால் அந்த மருந்துக்கு வழியில்லை அக்கா. 'மோன் சுதியேன் ப்சி' என்ற பிரெஞ்சு அரசு மனநல உதவித் திட்டத்தில் சைக்காலஜிஸ்டிடம் போனேன். வருடத்துக்கு 12 அமர்வு வரை, ஒன்றுக்கு 50 யூரோ. 60 சதவீதம் அரசுக் காப்பீடு தரும், மிச்சத்தை 'மியூச்சுவேல்' என்கிற துணைக் காப்பீடு இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். 2024 முதல் டாக்டர் கடிதமும் தேவையில்லை. அவர் முதலில் கைவைத்தது என் தூக்கத்தில்தான். அடுத்தது, என்னை ஏமாற்றியவளை இன்ஸ்டாவில் வேவு பார்க்கும் வேலையில். அம்மாவோ தீமிதிக்கு விரதம் இருக்கச் சொன்னார். நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தேன். ஆனால் விரதத்துக்காகக் குடியை நிறுத்தியது நிஜமாகவே உதவியது.

காரைக்கால்காரி, சேன் தெனி:
நல்லது தம்பி. மற்றவர்களுக்கு ஒன்று: வீட்டில் பாட்டிக்கு வாங்கிய ப்ரோப்ரனலால் இருக்கிறதே என்று யாரும் எடுத்துப் போடாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது, எனக்கே ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ராத்திரியில் விபரீத எண்ணம் வந்தால் 3114 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கு அடியுங்கள். இலவசம், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள், நம் தீவிலிருந்தும் கிடைக்கும்.