ஒரே பட்ஜெட், ஒரே வீட்டில் மூன்று செய்திகள்: இதைச் சார்பு என்பதா?

செம்பூர் மருமகள் கேட்கிறார்:

கடந்த செவ்வாய்க்கிழமை, 2024 ஜூலை 23 அன்று, நிதியமைச்சர் பட்ஜெட் வாசித்த நேரத்தில் எங்கள் மும்பை வீட்டுக் கூடத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் மாமனார் தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் உள்ளறையில் ஆங்கில வணிகச் செய்தியை ஓடவிட்டிருந்தார். பக்கத்து வீட்டு இந்திச் செய்தி சுவரைத் தாண்டிக் கேட்டது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மூன்று வெவ்வேறு பட்ஜெட்டுகள் வாசிக்கப்பட்டனவோ என்று தோன்றியது. "தமிழ்நாடு என்கிற பெயரே வரவில்லை, பட்டை நாமம்தான்" என்றார் மாமனார். பங்குகளை விற்று வரும் லாபத்துக்கான நீண்டகால மூலதன ஆதாய வரி 10 சதவீதத்திலிருந்து 12.5 ஆகவும், குறுகியகால வரி 15 சதவீதத்திலிருந்து 20 ஆகவும் உயர்ந்ததைத் தவிர வேறெதையும் கணவர் கேட்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பீகாருக்கு வரும் சாலைகளைப் பற்றிப் பூரித்துப் பேசினார். மூவரும் கேட்டது உண்மைதான், ஆனால் ஒருவர் கேட்டதை மற்றவர் கேட்கவில்லை. பொய்யே சொல்லாமல் இப்படிப் பங்குபோட்டுக் காட்டுவதைச் சார்பு என்று சொல்லலாமா? அதை எப்படிக் கண்டுகொள்வது?

மாட்டுங்கா வாசகர்:

அம்மா, அன்று ஆந்திராவின் தலைநகர் அமராவதிக்கு வந்த அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த அலைவரிசைகள் எல்லாம் "ஆந்திராவுக்கு 15,000 கோடி" என்றே போட்டன. உரையைத் திறந்து படித்தால், பன்னாட்டு வளர்ச்சி நிறுவனங்கள் வாயிலாக அந்தத் தொகை "ஏற்பாடு செய்யப்படும்" என்றுதான் இருக்கிறது. கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதும் ஏற்பாடு செய்வதும் ஒன்றல்ல. ஆளுங்கட்சியை ஆதரிப்பவர்கள் அதைத் தாராளம் என்று காட்டினார்கள், எதிர்ப்பவர்கள் ஓரவஞ்சனை என்று காட்டினார்கள். அந்த வினைச்சொல்லை மட்டும் இரு தரப்புமே விழுங்கிவிட்டன.

உரையில் மாநிலத்தின் பெயர் வருவதை வைத்து வரிப் பங்கு முடிவாவதில்லை. பகிர்வுக்குரிய மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போகிறது. அதில் 2021-26 ஆண்டுகளுக்கு 15ஆவது நிதிக்குழு வகுத்தபடி தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், பீகாருக்கு 10.058 சதவீதம். செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் விதிக்கும் கூடுதல் வரிகளில் மத்திய அரசு திரட்டும் பணம் இந்தப் பகிர்வுக்கே வராது. உங்கள் மாமனாருடைய ஆதங்கத்துக்கு உண்மையான ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதைக் காட்ட அட்டவணை வேண்டும், பெயர் விடுபட்டதைக் காட்ட ஒரு வரி போதும்.

முன்னாள் செய்திமேசை:

ஒரு செய்தி அலைவரிசையில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். எங்கள் இடத்தில் பட்ஜெட் நாளில் திரையில் காட்டும் வண்ணப் பலகைகள் முந்தைய இரவே தயாராகிவிடும்: "யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்" என்ற தலைப்பு முதல் விவாதத்துக்கு வருபவர்களின் பெயர்கள் வரை. காலையில் எண்களை நிரப்புவது மட்டுமே மிச்சம்.

2021 ஆகஸ்ட் 31 மாலையை என்னால் மறக்க முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் உள்நாட்டு உற்பத்தி 20.1 சதவீதம் வளர்ந்ததாக அரசு அறிவித்தது. 26.95 லட்சம் கோடியிலிருந்து 32.38 லட்சம் கோடிக்கு ஏறியிருந்ததால் அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த 26.95 என்பது பொதுமுடக்கக் காலாண்டின் எண். அதற்கும் முந்தைய ஆண்டில் அதே காலாண்டில் 35.66 லட்சம் கோடி இருந்தது. அந்த மூன்றாவது எண்ணையும் பலகையில் சேர்க்கச் சொன்னேன். இடமில்லை என்றார்கள். பலகையின் வலப்பக்கம் பாதி காலியாக இருந்தது, அங்கே மேல்நோக்கிய பச்சை அம்புக்குறி ஒன்றை வைத்தார்கள். மேலிடத்திலிருந்து யாரும் தொலைபேசியில் கட்டளையிட்டதாக எனக்குத் தெரியவில்லை. கட்டளை வராமலேயே எது பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும், எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

முலுண்ட் ஓய்வூதியர்:

முன்னவர் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் பழி முழுவதையும் அலைவரிசை மீது போட எனக்கு மனமில்லை. 1982இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். 1985இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரே காட்சிகளைப் பார்த்த இரு தரப்பினரும் செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகவே சொன்னார்கள். அதுபோல, மூலதன ஆதாய வரியால் அடிபட்டவருக்கு பீகார் சாலையைப் பேசும் செய்தி சார்பாகத்தான் தெரியும்.

இன்னொன்று. கலைஞர் தொலைக்காட்சி தி.மு.க. சார்புடையது, மக்கள் தொலைக்காட்சி பா.ம.க. சார்புடையது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், உப்புக் கூடிய குழம்பில் சோற்றைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுப் பிசைந்துகொள்வதைப் போல அதற்கேற்பக் கழித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். செய்தி அலைவரிசைகளை நடத்தும் நெட்வொர்க்18 குழுமம் 2014இல் ரிலையன்ஸ் வசமும், என்.டி.டி.வி. 2022 டிசம்பரில் அதானி வசமும் சென்றதை எத்தனை பேர் நினைவில் வைத்துக்கொண்டு வணிகச் செய்தி பார்க்கிறார்கள்? நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான் எனக்கு அதிகக் கவனம் தேவைப்படுகிறது.

செம்பூர் மருமகள்:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு உரையைப் பதிவிறக்கி, ஆந்திராவின் தலைநகர் பற்றிய பத்தியை மாமனாருக்குத் தமிழில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏற்பாடு என்றால் கடனா அம்மா? யார் கட்டுவது?" என்று கேட்டார். என் கணவருக்கும் தெரியவில்லை. ஆந்திரா கட்டுமா, டெல்லி கட்டுமா என்பது இங்கு யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். காலையில் அவர் மறுபடியும் அதே அலைவரிசையைத்தான் வைத்தார்.