அலுமினியம் குளோரைடு: அயனியா, சகப்பிணைப்பா?

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறோம், திங்கட்கிழமை தேர்வு.

உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு (எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவது) என்றுதான் நான் படித்தது. சோடியம் குளோரைடுக்குச் சரி, 801 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. நீரற்ற அலுமினியம் குளோரைடோ, சகப்பிணைப்புச் (எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும்) சேர்மம் மாதிரி, 180 டிகிரி வாக்கிலேயே பதங்கமாகிவிடுகிறது!

அப்புறம், எலக்ட்ரான் கவர்தன்மை வித்தியாசம் 1.7-ஐத் தாண்டினால் அயனி என்ற கணக்கைப் போட்டோம். அலுமினியம் குளோரைடுக்கு 1.55, ஒத்துப்போனது. ஹைட்ரஜன் ஃபுளோரைடு 1.78 காட்டிக் காலை வாரிவிட்டது. அது 20 டிகிரியில் கொதிக்கிற சகப்பிணைப்புச் சேர்மம். சோடியம் அயோடைடுக்கு அதைவிடக் குறைவாக 1.73தான், ஆனால் அசல் அயனி உப்பு. அடுத்து ஃபஜான் விதி (அயனிகளின் அளவையும் மின்சுமையையும் வைத்துச் சகப்பிணைப்புத் தன்மையைக் கணிப்பது); அதை ஹைட்ரஜனுக்கு எப்படிப் பொருத்துவது என்று மகள் கேட்டாள், முழித்தேன்.

வாய்பாட்டை மட்டும் கொடுத்துப் பிணைப்பைக் கேட்டால், எந்த விதியை முதலில் பார்க்கச் சொல்வது?