ஸ்பிரேயர் பம்பு நேரடியாக சோலார் பேனலில்: பேனல் 20 வோல்ட் காட்டுகிறது, மோட்டார் அசையவில்லை

மாடித்தோட்டம்77:
மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் வருமே, அந்த 12 வோல்ட் டயாபிரம் (ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும்) பம்பு. கீழே சம்பிலிருந்து மாடியிலுள்ள 200 லிட்டர் டிரம்முக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கு வைத்திருக்கிறேன். உயரம் 6 மீட்டர். 40 வாட் பேனல் ஒன்று. லேபிளில் ஓப்பன் சர்க்யூட் (எதுவும் மாட்டாதபோது) 21.6 வோல்ட், ஷார்ட் சர்க்யூட் (இரு முனையையும் நேராகச் சேர்த்தால்) 2.4 ஆம்ப் என்றிருக்கிறது. நடுவில் பேட்டரியோ கண்ட்ரோலரோ கிடையாது.

பேட்டரியில் கொடுத்தால் 1.8 ஆம்ப் எடுத்துக்கொண்டு நன்றாக ஓடுகிறது. பேனலில் கொடுத்தால் காலை பத்தரை வரை அசைவே இல்லை. அதன் பிறகு ஓடும். ஒரு மேகம் கடந்தால் நின்றுவிடும், வெயில் திரும்பினாலும் சட்டென்று கிளம்பாது. டெலிவரி ஹோஸைக் கழற்றினால் அந்த நொடியே ஓடுகிறது. நிற்கும்போது மோட்டார் முனையில் 1.1 வோல்ட்தான் இருக்கிறது. வயரைப் பிரித்தால் பேனல் 20 வோல்ட் காட்டுகிறது. பேனல் பழுதா, பம்பு பழுதா?

சாலிடர்புகை:
இரண்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. பிரித்த பேனலின் 20 வோல்ட்டை நம்பாதீர்கள். மங்கலான வெளிச்சத்திலும் அது கிட்டத்தட்ட அவ்வளவு காட்டும். வெளிச்சத்துக்கேற்ப ஏறி இறங்குவது கரண்ட்தான்.

மல்டிமீட்டரை 10 ஆம்ப் ரேஞ்சில் வைத்து பேனலின் பிளஸ், மைனஸ் இரண்டிலும் நேரடியாகத் தொடுங்கள். பேட்டரியில் இதைச் செய்யவே கூடாது. பேனலில் பயமில்லை, 2.4 ஆம்ப்புக்கு மேல் அதனால் தர முடியாது. காலை எட்டரைக்கு ஒரு ரீடிங், பன்னிரண்டுக்கு ஒரு ரீடிங் எடுத்துப் போடுங்கள்.

உங்கள் பம்பில் இருப்பது போன்ற பிரஷ் மோட்டாரில் முறுக்குவிசையைத் தீர்மானிப்பது கரண்ட். வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட்டேஜ். 6 மீட்டர் தண்ணீரைத் தள்ள 1.8 ஆம்ப் வேண்டும் என்று பேட்டரி சொல்லிவிட்டது. கிளம்புவதற்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், ஏனென்றால் வால்வுக்கு மேலே ஹோஸ் நிறையத் தண்ணீர் நிற்கிறது. பேட்டரியாக இருந்தால் நின்ற மோட்டாருக்கு ஒரு கணம் 10 ஆம்ப்பைக்கூடக் கொட்டிக் கிளப்பிவிடும். பேனலிடம் அந்தக் கணத்தில் இருப்பது அப்போதைய வெயிலுக்கான கரண்ட் மட்டும்தான். அது போதாதபோது மோட்டார் வெறும் கம்பிச் சுருளாக நின்று பேனலின் வோல்ட்டேஜைக் கீழே இழுத்துவிடுகிறது. உங்கள் 1.1 வோல்ட் அதுதான். ஹோஸைக் கழற்றினால் ஓடுவதும் இதையே உறுதி செய்கிறது.

மாடித்தோட்டம்77:
எட்டரைக்கு 0.9 ஆம்ப், பன்னிரண்டுக்கு 2.2 ஆம்ப். இன்னொரு 40 வாட் பேனலை பேரலலில் போட்டால் சரியாகிவிடுமா?

கேணிமேடு:
எட்டரைக்கு 1.8 ஆம்ப் கிடைக்கும். ஓடிக்கொண்டிருப்பதற்கு மட்டுமே போதும், கிளம்பப் போதாது. நடுப்பகலிலோ தலைகீழ்ப் பிரச்சினை. மோட்டாருக்கு வேண்டியது 1.8, பேனல்கள் தரக்கூடியது 4.4. மிச்சக் கரண்ட்டுக்குப் போக்கிடம் இல்லாததால் வோல்ட்டேஜ் 17, 18 என்று ஏறும். 12 வோல்ட் மோட்டார் அந்த வேகத்தில் கத்திக்கொண்டே ஓடும். பிரஷ்ஷும் டயாபிரமும் சீக்கிரம் தேயும். இப்போதே ஒற்றைப் பேனலில் உச்சி வெயிலில் 16 வோல்ட்டுக்குப் பக்கமாக இருக்கும், அளந்து பாருங்கள்.

பேனலுக்கு மேலும் காசு போடாதீர்கள். எட்டரைக்குப் பேனலிடம் 15 வோல்ட் × 0.9 ஆம்ப் = 13.5 வாட் இருக்கிறது. மோட்டார் எடுப்பது 1.1 × 0.9, ஒரு வாட் மட்டும். வோல்ட்டேஜைக் குறைத்துக் கரண்ட்டைக் கூட்டித் தரும் பக் கன்வெர்ட்டர் நடுவில் இருந்தால், நட்டம் போக 11 அல்லது 12 வாட் மோட்டாருக்குப் போகும். உங்கள் மோட்டாரின் சுருள் 1.1 ÷ 0.9, ஏறக்குறைய 1.2 ஓம். அதில் 12 வாட் என்றால் 3 ஆம்ப். அதிர்ந்து கிளம்பிவிடும். கிளம்பியபின் 1.8 ஆம்ப், ஆறரை வோல்ட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடும். டிரம் நிரப்ப அது தாராளம்.

ஆனால் சாதாரண எல்எம்2596 மாட்யூலை வாங்கிவிடாதீர்கள். அது அவுட்புட்டை மட்டுமே கவனிக்கும். 12 வோல்ட் வரவில்லை என்று கண்டதும் உள்ளே இருக்கும் ஸ்விட்சை முழுக்க ஆன் செய்துவிடும், பேனலின் வோல்ட்டேஜ் படுத்துவிடும், பழைய கதைதான். பேனலிலிருந்து அதிக வாட் கிடைக்கும்படி இன்புட் வோல்ட்டேஜைப் பிடித்துவைக்கும் எம்பிபிடி பக் மாட்யூல் என்று கேளுங்கள். 5 ஆம்ப் ரகத்தில் மூன்று பிரிசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) இருக்கும்: அவுட்புட் வோல்ட், அவுட்புட் கரண்ட், இன்புட் வோல்ட். அவுட்புட்டை மோட்டார் மாட்டாமல் 12.5 வோல்ட்டில் வையுங்கள், கரண்ட் லிமிட் 4 ஆம்ப். இன்புட்டை மோட்டார் ஓடும்போது, பேனல் நன்றாகச் சூடேறிய பிறகு 15 வோல்ட்டில் வையுங்கள். லேபிளில் போட்டிருக்கும் 17.5 அல்லது 18 வோல்ட் 25 டிகிரி செல்லுக்கு உரியது. நம்ம ஊர் மொட்டை மாடியில் செல் 60 டிகிரியைத் தாண்டும், டிகிரிக்கு 0.3, 0.4 சதவீதம் வீதம் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். 17.5 என்று வைத்தால் காலையில் ஓடி, மதியம் வெயில் கொளுத்தும்போது நிற்கும். பார்ப்பவருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

சாலிடர்புகை:
மாட்யூல் கிடைக்காதவர்கள் கையால் செய்துகொள்ளலாம். பேனல் முனைகளில் 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) கெப்பாசிட்டர். மோட்டாரின் மைனஸ் பக்கம் ஸ்விட்சாக ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட். அதை இயக்க எல்எம்393 கம்பாரேட்டர் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் ஐசி). அதற்கு 78எல்09 ரெகுலேட்டர் வழியாக 9 வோல்ட்.

கம்பாரேட்டரின் மைனஸ் இன்புட்டுக்கு டிஎல்431 தரும் நிலையான 2.5 வோல்ட். பிளஸ் இன்புட்டுக்குப் பேனல் வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: மேலே 47கே (கிலோ ஓம்) ரெசிஸ்டருடன் 10கே பிரிசெட், கீழே 10கே. கம்பாரேட்டரின் அவுட்புட்டிலிருந்து 9 வோல்ட்டுக்கு 2.2கே, பிளஸ் இன்புட்டுக்கு 470கே. பிரிசெட் நடுவில் இருந்தால் கெப்பாசிட்டர் 15.8 வோல்ட் தொட்டதும் மோட்டார் சேரும், 14.8க்கு இறங்கியதும் பிரியும். நொடிக்குச் சில நூறு முறை இது நடப்பதால் மோட்டாரில் மெல்லிய ரீங்காரம் கேட்கும், அது பழுதல்ல.

மோட்டாருக்குக் குறுக்கே எஸ்பி560 போன்ற ஷாட்கி டயோடு கட்டாயம், பட்டைக் கோடு பிளஸ் பக்கம். மாஸ்ஃபெட் பிரியும்போது சுருளின் கரண்ட் அதன் வழியாகச் சுற்றுவதால்தான் பேனல் தருவதைவிடக் கூடுதல் கரண்ட் மோட்டாருக்குக் கிடைக்கிறது. அதை விட்டால் மாஸ்ஃபெட் போய்விடும். உச்சி வெயிலில் இந்தச் சர்க்யூட் வோல்ட்டேஜைக் குறைக்காது, 16 அப்படியே மோட்டாருக்குப் போகும். அதனால் கடையில் கிடைக்கும்போது மாட்யூலே மேல்.

பச்சைவயர்:
இதே 40 வாட்டில் பிரஷ்லெஸ் பம்பு வைத்தால் இந்தத் தொல்லை வராதா?

கேணிமேடு:
வேறு விதமாக வரும். அதன் உள்ளேயே டிரைவர் போர்டு இருக்கிறது. காலையில் வோல்ட்டேஜ் இருக்கிறதென்று அது விழித்துக்கொள்ளும், மோட்டாரைச் சுழற்றப் பார்க்கும், பேனல் படுக்கும், போர்டு அணையும், மறுபடி விழிக்கும். நொடிக்கொரு தரம் டக், டக் என்று உதறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தப் பம்புகள் பெரும்பாலும் இம்பெல்லர் (சுழலும் இறக்கை) வகை. வேகம் கூடக் கூடத்தான் சுமை கூடும் என்பதால் கிளம்பும்போது பாரம் கிடையாது. மெதுவாகக் கிளம்பும் டிரைவர் இருந்தால் நேரடியாகவே சமாளிக்கும். என்ன, வெயில் குறைந்த நேரத்தில் சுற்றும், தண்ணீர் 6 மீட்டர் ஏறாது. உயரத்துக்கு டயாபிரம்தான் ஆள்.

வயர்கட்டர்:
மாடித்தோட்டம், இன்னும் மூன்று விஷயம். தண்ணீர் காலையிலேயே வேண்டுமென்றால் பேனலைக் கொஞ்சம் கிழக்கே திருப்பிச் சாய்த்து வையுங்கள், செலவில்லாத வழி. செல்கள் எல்லாம் சீரிஸ் (ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை) என்பதால் துணிக்கொடியின் நிழலோ காக்கை எச்சமோ ஒரே செல்லில் விழுந்தாலும் மொத்தக் கரண்ட்டும் சரியும்.

மாட்யூலைப் பம்புக்குப் பக்கத்தில், நிழலில் வையுங்கள். நீண்ட வயர் பேனல் பக்கம் இருக்கட்டும். அங்கே கரண்ட் குறைவு, நட்டமும் குறைவு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 மீட்டர் தூரத்துக்குப் போகவர கால் ஓம்தான்; மெல்லிய ஸ்பீக்கர் வயர் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

டிரம் நிரம்பினால் நிறுத்த மிதவை ஸ்விட்ச் போடுவீர்கள் என்றால் அதைப் பேனலுக்கும் மாட்யூலுக்கும் நடுவில் போடுங்கள். மோட்டார் பக்கம் போட்டால் ஒவ்வொரு முறை பிரியும்போதும் சுருளின் பொறி காண்டாக்டைக் கரிக்கும்.