கொழிஞ்சாம்பாறையிலிருந்து சேந்தமங்கலம் வரை கேரவனில்: வழி கேட்கிறேன்

கேள்வி:
பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் என் நண்பரின் மணிவிழா நடக்கிறது. அதற்கு இஸ்ரேலிலிருந்து வரும் எங்கள் தோழியின் பாட்டி எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் பிறந்து, 1950களில் தம் யூதக் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குக் கப்பலேறியவர். விழா முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, வாடகைக் கேரவனில் தோழியை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறோம். கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில் 1:
விழாக் களைப்போடு அவசரப்பட வேண்டாம். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். மட்டாஞ்சேரியில் யூதர்கள் வழிபடும் பரதேசி ஜெப ஆலயம் அன்று திறக்காது. பறவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்கள் இப்போது முசிறி அருங்காட்சியகங்களைச் சேர்ந்தவை; அவற்றுக்குத் திங்களன்று விடுமுறை. ஆகவே ஞாயிறன்று திருச்சூர், கொடுங்கல்லூர் வழியாகச் சென்று, அவ்விரண்டையும் பார்த்துவிட்டு, மறுநாள் மட்டாஞ்சேரிக்குப் போங்கள். யூதத் தெரு மிகக் குறுகலானது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும்.

பதில் 2:
சேந்தமங்கலத்தில் ஆலயத்தின் முன்னே நிற்கும் கல்லைத் தவறவிடாதீர்கள். இஸ்ரவேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல் அது, 1269ஆம் ஆண்டினது. எபிரேய எழுத்துகள் தேய்ந்திருந்தாலும் விரலால் தடவினால் தட்டுப்படும். என் அம்மாவோடு போனபோது அங்கே வெகுநேரம் பேச்சே எழவில்லை.

பதில் 3:
சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த செப்பேட்டைப் பற்றியும் தோழியிடம் சொல்லுங்கள். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அவருடைய முன்னோர் கதையில் நம் எழுத்துக்கும் இடமுண்டு என்று அறிந்தால் மகிழ்வார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பயணத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டோம்.