கேம்கார்டரைச் சிறிய அளவுத் திரைகளில் இணைத்தவர்கள் சொல்லும் அனுபவங்கள்

தென்காசி, எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்:

கடைக்கு வரும் பழைய ஹேண்டிகேம் பலவற்றில் பழுது என்று எதுவும் இருப்பதில்லை. கேசட் நன்றாகவே சுற்றும். கேமராவின் சின்ன டிஸ்பிளே மட்டும் கறுத்துப் போயிருக்கும், அதோடு கூட வந்த ஒயர் எப்போதோ தொலைந்திருக்கும். "இது இனி ஆகாது" என்று யாரோ சொன்னதை நம்பி, கேசட்டையும் சேர்த்துப் பழைய சாமான்காரரிடம் போடக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். ஒரு சரியான ஒயர் கிடைத்திருந்தால் அந்த வீட்டுப் பெரியவர்களின் குரல் மிஞ்சியிருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கேசட்டில் பதிவாகும் டிஜிட்டல்8 ஹேண்டிகேம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் போட்டுப் பார்க்க, காரில் ரிவர்ஸ் கேமராவுக்கு வைப்பார்களே அந்த 7 அங்குலத் திரை, 12 வோல்ட் அடாப்டர், படத்தையும் ஒலியையும் கொண்டுபோகப் புதிதாக வாங்கிய ஏவி ஒயர் எல்லாம் கையில் இருந்தது. ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின், மறுமுனையில் படத்துக்கு மஞ்சள், ஒலிக்கு வெள்ளையும் சிவப்பும். எல்லாம் நிறம் பார்த்துச் சரியாகச் செருகியிருந்தார். படம் இல்லை, உர்ர்ர் என்று ஒரே இரைச்சல்.

அந்த 3.5 பின்னை உற்றுப் பார்த்தால் மூன்று கறுப்பு வளையம் தெரியும். அவை பின்னை நான்கு பகுதியாகப் பிரிக்கின்றன: படம், இடப்பக்க ஒலி, வலப்பக்க ஒலி, இவை மூன்றுக்கும் பொதுவான கிரவுண்ட். எந்தப் பகுதியில் எது என்பதில் எல்லாக் கம்பெனியும் ஒத்துப்போகவில்லை. சிலதில் கிரவுண்ட் பின்னின் அடிப்பகுதியில் இருக்கும், சிலதில் அதற்கு அடுத்து மேலே உள்ள பகுதியில். வெளியே பார்க்க எல்லா ஒயரும் ஒன்றுபோலத்தான், அட்டையில் "எல்லா கேமராவுக்கும் பொருந்தும்" என்றும் போட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். கேமராவின் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஒயரின் பின்னைக் கேமராவில் செருகி, மீட்டரைப் பஸ்ஸரில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் இடத்தில்) வையுங்கள். ஒரு முனையை, கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டிஜிட்டல் சாக்கெட்டைச் சுற்றியுள்ள உலோக விளிம்பில் தொடுங்கள், மறுமுனையை மஞ்சள் பின்னின் வெளி வளையத்தில். பீப் வந்தால் கிரவுண்ட் சரி. வெளி வளையத்தில் வராமல் ஏதோ ஒரு பின்னின் நடு ஊசியில் பீப் வந்தால் அந்த ஒயர் அந்தக் கேமராவுக்கு ஆகாது, நிறத்தை எப்படி மாற்றினாலும் பயனில்லை. ஆசிரியர் கொண்டுவந்த ஒயர் அப்படிப்பட்டது. கடையில் கிடந்த வேறொன்றில் கிரவுண்ட் சரியாக இருந்தது, ஆனால் படம் சிவப்புப் பின்னில் வந்தது. சிவப்பை எடுத்துத் திரையின் மஞ்சள் ஓட்டையில் செருகினோம். பள்ளி ஆண்டுவிழா ஓட ஆரம்பித்தது. கிரவுண்ட் சரியாக இருந்தால் மூன்றையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதில் ஆபத்து எதுவும் இல்லை.

இன்னொன்று. இந்தக் கார் திரைகளில் இரண்டு மஞ்சள் ஒயர் தொங்கும். ஒன்று ரிவர்ஸ் கியருக்கானது, அதில் சில திரைகள் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றிக் காட்டும். மேடை பேனரில் எழுத்தெல்லாம் திரும்பித் தெரிந்தால் மற்ற ஒயருக்கு மாறுங்கள். ஸ்பீக்கரும் பெரும்பாலும் இருக்காது, வெள்ளையையும் சிவப்பையும் தனியாக ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டும். சில கேமராக்களில் ஏவிக்கும் ஹெட்போனுக்கும் ஒரே ஓட்டைதான். மெனுவில் அது ஹெட்போன் என்று இருந்தால் எந்த ஒயரிலும் படம் வராது.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

கோவை, குறும்படம் எடுப்பவர்:

அண்ணா, எனக்கு எச்டிஎம்ஐ பக்கத்துக் கதை. எங்கள் குழுவின் கேம்கார்டரில் மைக்ரோ எச்டிஎம்ஐ ஓட்டை. ஷூட்டிங்கில் எல்லோரும் சேர்ந்து பார்க்க 15.6 அங்குல போர்ட்டபிள் மானிட்டர் வாங்கினோம். மானிட்டரில் யுஎஸ்பி சி இரண்டு, மினி எச்டிஎம்ஐ ஒன்று. லேப்டாப்பை ஒரே சி ஒயரில் போட்டால் படமும் கரண்டும் சேர்ந்தே போகிறது, கேமராவுக்கும் அப்படியே செய்யலாம் என்று கடையில் சொல்லி, ஒரு பக்கம் சி, மறுபக்கம் எச்டிஎம்ஐ உள்ள ஒயரையும், எச்டிஎம்ஐயை மைக்ரோவாக மாற்றும் ஒரு கட்டையையும் விற்றார்கள். சொருகினால் "சிக்னல் இல்லை".

விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்த ஒயர் ஒருவழிப் பாதை. லேப்டாப்போ போனோ சி வழியாக அனுப்புவது டிஸ்பிளேபோர்ட் சிக்னல். ஒயருக்குள் இருக்கும் சிப் அதை எச்டிஎம்ஐயாக மாற்றி டிவிக்குக் கொடுக்கும். கேமராவோ எச்டிஎம்ஐயாகவே அனுப்புகிறது. அதை டிஸ்பிளேபோர்ட்டாகத் திருப்ப அந்தச் சிப்புக்குத் தெரியாது. எங்களுக்கு வேண்டியிருந்தது மைக்ரோ எச்டிஎம்ஐயிலிருந்து மினி எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண ஒயர், கூடவே மானிட்டருக்குக் கரண்ட் கொடுக்க சி ஓட்டையில் ஒரு பவர் பேங்க். மூன்று அளவு எச்டிஎம்ஐயிலும் உள்ளே இருப்பது அதே 19 இணைப்புதான், அளவு மட்டுமே வேறு. அதனால் தரம் குறையுமோ என்று கவலை வேண்டாம்.

ஆனாலும் எங்கள் கேமராவில் படம் உடனே வரவில்லை. அது 1080 இன்டர்லேஸில், அதாவது ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் மறுதடவை என்று பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தது. டிவி இதை ஏற்கும், சில போர்ட்டபிள் மானிட்டர்கள் ஏற்காது. மெனுவில் எச்டிஎம்ஐ ரெசல்யூஷனை ஆட்டோவிலிருந்து, வரிகளைப் பிரிக்காமல் அனுப்பும் 720பிக்கு மாற்றியதும் பளிச்சென்று வந்தது. அதைச் செய்யாமல் மானிட்டரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எங்கள் நண்பர்களிலேயே உண்டு.

ஏவி ஒயரை எச்டிஎம்ஐ திரைக்கு மாற்றும் சின்னப் பெட்டிகளும் இதே மாதிரிதான். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு ஒன்று, எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு ஒன்று. இரண்டும் ஒரே சைஸ், ஒரே ஓட்டைகள். பெட்டியில் "இன்புட்" என்று எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

காரைக்குடி, கல்யாண வீடியோ தொழில்:

தம்பி சொன்ன மைக்ரோ எச்டிஎம்ஐ பற்றி ஒரு வார்த்தை. அந்த ஓட்டை கேமரா போர்டில் மெல்லிசாகப் பற்றவைத்தது. கனமான ஒயரை நேராக அதில் தொங்கவிட்டால், யாராவது காலில் தட்டும்போது முதலில் போவது அதுதான், மாற்றப் போனால் போர்டிலேயே கை வைக்க வேண்டிவரும். ஒரு சாண் நீள மெல்லிய ஒயரைக் கேமராவிலேயே நிரந்தரமாக விட்டு, அதை டிரைபாட் கைப்பிடியோடு சேர்த்து வெல்க்ரோவால் கட்டிவிடுங்கள். பெரிய ஒயரை அதன் மறுமுனையில் இணையுங்கள்.

மண்டபத்தில் எனக்கு வேறொரு அனுபவம். மேடைக்கு எதிரில் கேமரா, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு திரை. பந்தியில் இருப்பவர்களும் தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டார்கள். நியாயமான ஆசைதானே. 30 மீட்டர் எச்டிஎம்ஐ ஒயரை இழுத்தோம். படம் வரும், மினுங்கும், போகும். முகூர்த்த நேரத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ ஒயரில் அவ்வளவு தூரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. இப்போது நான் எச்டிஎம்ஐயை எஸ்டிஐயாக (நெடுந்தூரம் போகும் வீடியோ சிக்னல்) மாற்றும் பெட்டியைக் கேமராவிலும், திருப்பி மாற்றும் பெட்டியைத் திரையிலும் வைத்து, நடுவில் 75 ஓம் கோஆக்சியல் ஒயர் ஓட்டுகிறேன். முனையைத் திருகிப் பூட்டிவிடலாம், பந்தி பரிமாறுபவர் மிதித்தாலும் கழன்று வராது.

இதைவிட முக்கியம், ஷாக். கேமரா ஒரு பிளக்கிலும் திரை வேறொரு பிளக்கிலும், அதுவும் ஒன்று ஜெனரேட்டர் லைனில் இருக்கும்போது, ஒயரின் உலோக முனையைத் தொட்டால் சுர்ரென்று ஏறும். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டர்களில் இந்தக் கசிவு இருக்கும். அதே கசிவு எச்டிஎம்ஐ சிப்பையும் சுட்டுவிடும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் படத்துக்கான ஒயரைச் செருகுங்கள், அதற்குப் பிறகு கரண்ட். முடிந்தவரை கேமராவைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

ரொறன்ரோ:

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம். 2002இல், போரால மூடிக்கிடந்த ஏ9 பாதை, அதுதான் யாழ்ப்பாணத்துக்குப் போற தரைப்பாதை, திறந்தாப் பிறகு இங்கிருந்து கனபேர் கமராவோடதான் ஊருக்குப் போனவை. நாங்களும் கொண்டுபோனம். எடுத்ததை அப்பம்மாவுக்குக் காட்டுவம் எண்டு ஊர் வீட்டு ரீவியில மஞ்சள் வயரைக் கொழுவினால், படம் கறுப்பு வெள்ளையில வந்து மேலும் கீழுமா உருண்டுகொண்டு நிண்டது. கமரா பழுதாப் போச்செண்டு எல்லாரும் கவலைப்பட்டவை.

வயரிலயும் பிழை இல்லை, கமராவிலயும் இல்லை. கனடாவில வாங்கின கமரா என்ரிஎஸ்சி (NTSC) முறை, 525 வரி, செக்கனுக்குக் கிட்டத்தட்ட 30 படம். இலங்கையிலயும் இந்தியாவிலயும் பால் (PAL) முறை, 625 வரி, 25 படம். நிறத்தைக் கொண்டுபோற அலைவரிசையும் வேற வேற, அதுதான் நிறம் வராமல் விட்டது. அயல் வீட்டில ஒருத்தர் கொழும்பில இருந்து கொண்டுவந்த சின்ன டிவிடி பிளேயர் ஒண்டு இருந்தது, மூடியிலயே திரை உள்ளது, பக்கத்தில ஏவி உள்ளீடும் இருந்தது. அது ரெண்டு முறையையும் தானாக் கண்டுபிடிக்கும். அதில நல்ல வடிவா, நிறத்தோட தெரிஞ்சது. அப்பம்மா திரைக்குக் கிட்டக் கிட்டப் போய், கனடாவில பிறந்த பேரப்பிள்ளையளின்ர பேரை ஒவ்வொண்டாக் கேட்டுக்கொண்டே இருந்தவ.

அந்தக் கசற்றுகள் இப்பவும் என்னட்டை இருக்கு, கமராவும் இருக்கு. தென்காசி அண்ணை, இத்தனை வருசம் ஓட்டாமல் கிடந்ததை நேர போட்டுப் பாக்கலாமோ?

தென்காசி, எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்:

நேரே போட வேண்டாங்க. முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் கேமராவில் வைக்கவே கூடாது, அது நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தமாக இருந்தால், தேவையில்லாத வேறொரு கேசட்டை முதலில் போட்டுக் கேமரா நாடாவைக் கடிக்காமல் ஓடுகிறதா என்று சோதியுங்கள். அதற்குப் பிறகு உங்கள் கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டு, முழுதாகத் திருப்பிச் சுற்றுங்கள், ஒட்டியிருக்கும் சுற்றுகள் பிரிந்து கொடுக்கும். ப்ளே அழுத்துகிற அன்றே மஞ்சள் ஒயரைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் யுஎஸ்பி பெட்டி வழியாகவும் கொடுத்துவிடுங்கள். பதிவு மென்பொருளில் என்டிஎஸ்சி என்று தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். பழைய நாடா இன்னொரு தடவை ஓடும் என்று நம்பி இருக்க முடியாது, முதல் ஓட்டத்திலேயே பிடித்துவிடுவது நல்லது.