மெத்திலீன் குளோரைடு பெயின்ட் ரிமூவர்: தடை நியாயமா?

மரவேலை மாறன்:
மெத்திலீன் குளோரைடை (டைகுளோரோமீத்தேன்) பெரும்பாலான வேலைகளில் நிறுத்தச் சொல்லி அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024-இல் விதி போட்டுவிட்டது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பழைய மரச்சாமானில் நாலைந்து கோட்டிங் எனாமல் ஏறியிருக்கும். இதைத் தடவினால் சில நிமிடங்களில் பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பிவிடும், சுரண்டி எடுத்தால் போதும். பென்சைல் ஆல்கஹால் ரிமூவர் என்றால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, மெத்திலீன் குளோரைடு எளிதில் தீப்பற்றாது. சட்டென்று தீப்பிடிக்கும் அசிட்டோனையும் டொலுவீனையும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வதா பாதுகாப்பு?

கோமதி வேதியியல்:
தீ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆள் சாவது தீயால் அல்ல, ஆவியால். இதன் கொதிநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ்தான், திறந்து வைத்தாலே ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு கனமானது. அதனால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். அமெரிக்காவில் குளியல் தொட்டியின் பழைய பூச்சை எடுக்கப் போன தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் மேல் இறந்தது இப்படித்தான்: சின்னக் குளியலறை, மூடிய கதவு, தொட்டிக்குள் குனிந்த தலை. முதலில் மயக்கம், அப்புறம் மூச்சு நின்றுவிடும்.

உள்ளே போனதில் ஒரு பகுதியைக் கல்லீரல் கார்பன் மோனாக்சைடாக, அதாவது இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாத நச்சு வாயுவாக, மாற்றுகிறது. கொழுப்பில் தங்கியிருப்பது மெல்ல வெளிவருவதால், வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் சில மணி நேரம் அந்த வாயு உடம்பில் உருவாகிக்கொண்டே இருக்கும். இதய நோய் உள்ளவர்களை நினைத்துப் பாருங்கள்.

மரவேலை மாறன்:
காபிக் கொட்டையில் கஃபீனை நீக்கவே இதைத்தானே பயன்படுத்துகிறார்கள்? குடிக்கிற பொருளுக்கு ஆகும், மரத்துக்கு ஆகாதா?

கோமதி வேதியியல்:
வறுத்த காபியில் அதிகபட்சம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) மிச்சம் இருக்கலாம் என்று அமெரிக்காவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். வறுக்கும் சூட்டில் பெரும்பகுதி போய்விடும். டப்பா டப்பாவாகத் திறந்து வைத்து நாள் முழுக்க மூச்சில் இழுப்பதோடு அதை எப்படி ஒப்பிட முடியும்?

ஆய்வகத்தான்:
நான் ஆய்வகத்தில் தினமும் இதைத் தொடுகிறவன். தண்ணீரோடு கலக்காமல் கீழ் அடுக்காகப் பிரிந்து நிற்கும், எதையும் நன்றாகக் கரைக்கும், வேலை முடிந்ததும் லேசான சூட்டில் ஓட்டிவிடலாம். இப்படி ஒரு கரைப்பான் அபூர்வம். மருந்துத் தொழிலும் இதை நம்பியிருக்கிறது. அந்த 2024 விதிகூட ஆய்வகப் பயன்பாட்டை நிறுத்தவில்லை, 8 மணி நேர சராசரி 2 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் நாங்கள் வேலை செய்வது ஃப்யூம் ஹூடுக்குள், அதாவது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள். சாதாரண நைட்ரைல் கையுறையில் பட்டால் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், உடனே கழற்றி எறிய வேண்டும். பட்டறையில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்?

மரவேலை மாறன்:
நாங்களும் மாஸ்க் போட்டுத்தான் செய்கிறோம்.

கோமதி வேதியியல்:
கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தானே? அதில் இந்த ஆவி வெகு சீக்கிரம் ஊடுருவி வந்துவிடும். அதனால்தான் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் கருவியைக் கேட்கின்றன. வாசனை வந்ததும் விலகிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அந்த இனிப்பு வாடை மூக்குக்குத் தெரியும்போது வரம்பு பல மடங்கு தாண்டியிருக்கும். பக்கத்தில் அடுப்போ வெல்டிங்கோ இருந்தால் ஆவி சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு வேறு உருவாகும்.

மரவேலை மாறன்:
அப்படியென்றால் எக்ஸாஸ்ட், காற்றுக் குழாய், பயிற்சி எல்லாம் இருக்கிற பட்டறைக்கு உரிமம் கொடுங்கள். ஒட்டுமொத்தமாக நிறுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன்.

ஆய்வகத்தான்:
ஐரோப்பிய ஒன்றியம் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்திருக்கிறது. பொதுமக்களுக்கு விற்பதை 2011 முடிவிலேயே நிறுத்திவிட்டார்கள். காற்றோட்ட ஏற்பாடுள்ள தொழிற்கூடங்களில் மட்டும் நிபந்தனைகளோடு விட்டு வைத்திருக்கிறார்கள்.

கோமதி வேதியியல்:
அந்த அளவு ஏற்பாடு உள்ள தொழிற்கூடம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை மாறன். வீட்டுக் குளியலறைக்குள் ஒரு ஆளை டப்பாவோடு அனுப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அங்கே எந்த உரிமமும் காற்றைக் கொண்டுவராது.