கடைக்கார அண்ணர் மல்லாந்து பாய்ந்தாரா?

உட்துறைமுகத்தான்: நேற்று ஒருவர் போட்ட பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்தேன். எங்கள் பலசரக்குக்கடை அண்ணர் 1966இல் பள்ளிக்கூட மைதானத்தில் உயரம் பாய்தலில் மல்லாந்து ஆறடி பாய்ந்தாராம்! அமெரிக்க வீரர் ஃபொஸ்பரி அந்த முறையில் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதே 1968இல். எங்கள் திருகோணமலையில் இரண்டு வருடம் முந்தியேவா?

உப்புவெளி மச்சான்: சுனாமி நேரம் கடையைத் திறந்துவிட்டு அரிசியும் மாவும் கொடுத்தவர். கடன் கொப்பியையே கிழித்தவர். நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?

உட்துறைமுகத்தான்: அரிசியை யார் மறுத்தது? நான் கேட்பது முதுகை. அன்றைக்கு விழுகிறது மணலில். ஆறடியிலிருந்து முதுகு அடிபட விழுந்திருந்தால் இன்றைக்குக் கல்லாவில் இருக்க ஆள் இல்லை.

நிலாவெளியான்: என் அப்பா நேரில் பார்த்தவர். மல்லாந்துதான்.

உட்துறைமுகத்தான்: உங்கள் அப்பா போன வருடம் அதே பாய்ச்சலை ஐந்தடி என்றார். சரி, இப்போது ஆறு.

நிலாவெளியான்: அப்பாவை இழுக்க வேண்டாம்!

கோணமலை: கனடாவில் டெபி பிரில் என்ற சிறுமி ஃபொஸ்பரியைப் பார்க்காமலே அப்படிப் பாய்ந்தவர். எங்கள் பொடியனால் ஏலாதா?

உட்துறைமுகத்தான்: அவருக்குத் தகப்பன் நுரைப்பஞ்சில் விழ இடம் செய்து கொடுத்தார். திருமலையில் அன்று நுரைப்பஞ்சு எங்கே? யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் எடுத்ததும் மல்லாந்தல்ல.

கோணமலை: வந்துவிட்டது யாழ்ப்பாணம்! எங்கள் ஊர் ஆளைப் பற்றிக் கதைத்தால் உடனே அங்கே ஓடவேண்டுமா?

உட்துறைமுகத்தான்: ஆசியத் தங்கத்துக்கு ஊர் என்ன? மணலுக்குப் பதில் சொல்லுங்கள்.

உப்புவெளி மச்சான்: ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்பைக்ஸ் சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறாரே, அது கண்ணில் படாதா?

உட்துறைமுகத்தான்: படுகிறது. முதுகுதான் படவில்லை.

சல்லிப் பொடியன்: அவரிடமே கேட்டால் முடிந்தது.

உட்துறைமுகத்தான்: கேட்டேன். சிரித்துக்கொண்டு மிச்சக்காசைத் தந்தார். கால்களை ஒவ்வொன்றாகக் கம்பிக்கு மேலால் போடும் கத்திரி முறை என்றால் வாய் திறந்து சொல்லியிருப்பாரே?

நிலாவெளியான்: மல்லாந்து என்றாலும் சொல்லியிருப்பார். உங்களோடு கதைக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். கடன் கேட்டு இல்லையென்ற நாள் தொடங்கிய கோபம் உங்களுக்கு, ஊருக்கே தெரியும்.

உட்துறைமுகத்தான்: அது கடனல்ல, அவர் எனக்குத் தரவேண்டிய மீதி! அப்புறம், மணல் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

உப்புவெளி மச்சான்: எவ்வளவு மீதி?

உட்துறைமுகத்தான்: அது உங்களுக்கு எதற்கு?